கூறைத் தட்டில் கோல் பார்ஜ்

பெரிய காஞ்சிபுரம்
11 ஆகஸ்ட் 2024

என் பிரியமுள்ள எஸ்தருக்கு,

சங்கரி எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சௌக்கியம், உன் பெட்டியும் சௌக்கியம். முதலில் பெட்டியைத்தான் விசாரிப்பாய் என்று தெரியும், அதனால் அதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். உன் சித்தப்பா மகன் சாமுவேல் நேற்று மதியம் நம் புடவைக் கடை வாசலில் வந்து இறங்கினான். லீட்ஸிலிருந்து சென்னை வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். "அக்கா, இத்த இன்னொரு வாட்டி தூக்கினு வரச் சொன்னா நான் அங்கியே இருந்துடறேன்" என்று சொல்லி, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனான்.

எஸ்தர், என்ன பெட்டிடி அது! நம் இங்கிலாந்து ராக் குழு கோல் பார்ஜின் அத்தனை ஆல்பமும் ஒரே பெட்டியில். கறுப்பு அட்டை, பொன் எழுத்து, நடுவில் தீப்பிடித்து எரியும் நிலக்கரிப் படகு. பின்பக்கம் அச்சிட்டிருப்பதையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே படித்தேன். பழைய டேப்பிலிருந்து புதிதாக மாஸ்டர் செய்தது, நூற்றெண்பது கிராம் இசைத்தட்டு, இதுவரை வெளிவராத கச்சேரி ஒன்று தனித் தட்டில். கிராம் கணக்கைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக்காரர், "இன்னாம்மா, இதுலயும் ஜரிகை கலக்கறாங்களா?" என்று கேட்டார். கோதண்டபாணிக்கு எல்லாமே புடவைதான்.

நர்சிங் ஹாஸ்டலில் நாம் வைத்திருந்த அந்த ஒற்றைக் கோல் பார்ஜ் கேசட்டை நினைத்துக்கொண்டேன். பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து வந்த ஆள், டிஸ்சார்ஜ் ஆகும்போது மறந்துவிட்டுப் போனது. ஒப்பாரி மாதிரி ஒரு கிதார் அழுதுகொண்டே ஆரம்பிக்கும். திடீரென்று கூரை பெயர்ந்து விழுகிற மாதிரி டிரம்ஸ் இறங்கும். அந்த இடத்தில் நீ என் கையைக் கிள்ளுவாய். வார்டன் வந்தால் மட்டும் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாய், கள்ளி!

இனி என் குறை. நீ அனுப்பிய பெட்டிகள் என் அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. ஒன்றையும் பிரிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும் என்பது முதல் பெட்டி வாங்கிய அன்றே நாம் போட்ட சட்டம். நான் மீறவில்லை. ஆனால் நீ கொரோனாவுக்கு முன்னால் வந்தவள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறேன் என்கிறாய், கடைசியில் பெட்டிதான் வருகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எவ்வளவு எழுதினாலும் ஒரு கட்டைவிரல்தான் பதில். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதற்காவது மனுஷி மாதிரி பதில் போடு.

பெட்டியில் தூசி படக்கூடாது என்று சொல்லியிருந்தாய். எல்லாவற்றையும் நம் கடைப் பேப்பரில் சுற்றி ரிப்பன் கட்டிவிட்டேன். அரக்குச் சிவப்பில் பொன் கோபுரம் போட்ட அதே பேப்பர். பார்க்க முகூர்த்தப் புடவை மாதிரி ஜோராக இருக்கின்றன.

உன்னைத் திட்டக் காத்திருக்கும்,
சங்கரி


லீட்ஸ்
8 செப்டம்பர் 2024

சங்கரி கண்ணே,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துத் தனியாகச் சிரித்ததில், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். கடிதம் எவ்வளவு நல்லது பார்! நிதானமாகப் படிக்கலாம், விட்ட இடத்திலிருந்து மறுபடி பார்க்கலாம். இனி இப்படியே எழுதிக்கொள்வோம். போன் வேண்டாம். நீ புடவை விரித்துக்கொண்டே பேசுவாய், எனக்குப் பாதி புரியாது.

இந்தப் பெட்டியை வாங்கிய கதையைக் கேள். விடிவதற்கு முன்பே கடை வாசலில் வரிசை. மழை வேறு. எல்லோரும் நம் வயது ஆண்கள், தலை வழுக்கை, பின்னால் மட்டும் குதிரைவால். நான் நீ கொடுத்த மாம்பழ மஞ்சள் புடவை கட்டி, அதற்கு மேல் ரெயின்கோட்டு போட்டு நின்றேன். வாங்குகிறபோது ராசியாக இருக்க வேண்டாமா? கவுன்ட்டரில் இருந்த பெண் மளமளவென்று ஏதேதோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் யெஸ், யெஸ் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் ஒரு பனியனும் காபிக் கோப்பையும்கூட இருக்கின்றன. இரண்டிலும் அந்தப் படகு. பனியன் யானைக்குத்தான் சரியாக இருக்கும். கோதண்டபாணி அண்ணனுக்கு அனுப்பட்டுமா?

நான் இப்போது வார்டில் இல்லை, ஆபீஸ் மேசை வேலைக்கு மாறிவிட்டேன். கால் வலிதான் காரணம். சர்ச் பாடகர் குழுவையும் விட்டாயிற்று, நேரம் கிடைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவதைப் பற்றி இப்போதே எதுவும் சொல்ல முடியாது. லீவு விஷயம் உனக்குத் தெரியும்.

ஆனால் சட்டம் சட்டம்தான். ஒரு பெட்டியையும் பிரிக்கக்கூடாது. ஓரத்தில் நகத்தால் கீறிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், உன்னை எனக்குத் தெரியும்.

அன்பு முத்தங்களுடன்,
எஸ்தர்


பெரிய காஞ்சிபுரம்
23 நவம்பர் 2024

எஸ்தர், என் ராசாத்தி,

முதலில் உட்கார். தண்ணீர் குடி. குடித்தாயா? கோல் பார்ஜ் பெட்டி பிரிந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. மாகறலில் ஒரு தாய்மாமன் பாக்குவெட்டியால் பிரித்துவிட்டார்.

வியாழக்கிழமை நல்ல முகூர்த்தம். மாகறல் தர்மனின் மகள் ஜெயப்ரியாவுக்குக் கல்யாணம். கூறைப் புடவையை நம் கடையில் எடுத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்ட எங்களிடமே விட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் கடையில் ஒரே கூட்டம். நம் கடை அம்சா மாடிக்கு ஓடிப்போய், கூறைப் புடவையும் வைத்திருந்த என் அலமாரியிலிருந்து சிவப்புப் பேப்பர் சுற்றிய உன் பெட்டியை எடுத்து வந்து கொடுத்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை, அதே பேப்பர், அதே ரிப்பன், சுற்றி வைத்த புண்ணியவதி நான். வாங்க வந்தவர், "இன்னாமா இவ்ளோ கனம் கனக்குது?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு எங்கள் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "அசல் ஜரிகைன்னா கனக்காம இன்னா பண்ணும்?" என்று பெருமை அடித்திருக்கிறார்.

மறுநாள் காலையில் மண்டபத்தில், தாய்மாமன் பேப்பரைப் பிரித்துப் பார்த்தால் கறுப்புப் பெட்டி. யாரோ ஒரு அம்மாள், "நல்ல காரியத்துல கறுப்பா?" என்று முகத்தைச் சுளித்தாளாம். தாய்மாமன் விட்டுக்கொடுப்பாரா? "இப்பல்லாம் பொட்டியே ஒரு டிசைன்மா, உள்ள அரக்கு இருக்குது" என்று சமாளித்து, பாக்குவெட்டியால் பிளாஸ்டிக்கைக் கீறி எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். அப்புறம் வழக்கப்படி கூறைத் தட்டைச் சபை முழுக்கச் சுற்றினார்கள். பெரியவர்கள் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு அட்சதை போட்டார்கள். நடுவில் எரிகிற படகைக் கற்பூர ஆரத்தி என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டாம். மூடியைத் திறந்தது மணமகள் அறையில். ஜெயப்ரியா போட்ட கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டதாம்.

எனக்குப் போன் வந்தது. கூறைப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன் பார், வழியில் எந்தச் சாமியையும் விடவில்லை, உன் ஏசுவையும் சேர்த்துத்தான் கூப்பிட்டேன். "எம்மா, நீ பேசாத உக்காருமா, நீ கத்தறதுல எனக்கு ரோடே தெரியல" என்று ஆட்டோக்காரர் அதட்டினார். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். புடவையைப் பார்த்ததும் அந்தப் பெண் அழுவதற்குப் பதிலாகச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிக்க, நான் சிரிக்க, ஒரு வழியாகத் தாலி ஏறியது.

இத்தோடு நின்றிருந்தால் தேவலை. மைக் செட் தனசேகரன் தெரியுமா? கல்யாணத்தில் முதல் பிள்ளையார் பாட்டை இன்னமும் இசைத்தட்டில்தான் போடுவான். அவன் அப்பா காலத்து ராசி, அதற்காகவே பழைய பிளேயரைத் தூக்கிக்கொண்டு வருவான். பந்தி நடக்கும்போது வந்து, "யக்கா, இது இன்னா தட்டு? ஷோக்கா இருக்குது. போட்டுப் பாக்கட்டா?" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை எஸ்தர். எவ்வளவு நாள் பசி தெரியுமா?

போட்டான். மூன்றாவது தட்டு, முதல் பக்கம். ஆள் உயர ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டு. நம் கேசட்டில் கேட்ட அதே பாட்டு. கிதார் அழுகிற வரைக்கும் எல்லோரும் சாம்பாரை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். டிரம்ஸ் இறங்கியதும் லட்டுத் தட்டு மேசை ஓரத்துக்குத் தானாக நகர்ந்தது. வெறும் காலோடு நின்றிருந்தேன், உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்கூட்டில் அடித்தது. தவில்காரர் இலையை மூடிவிட்டு ஓடிவந்து கூடவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அடிக்கு அடி! இங்கிலாந்துக்காரனுக்கும் அவருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு மாதிரி.

பெண்ணின் அப்பா தர்மனைச் சொல்ல வேண்டும். பம்ப் செட்டுப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்ததில் அவருக்குக் காது மந்தம். நாகஸ்வரம் எதிரே வாசித்தாலும் சும்மா தலையாட்டுவார். அவர் எழுந்து வந்து பாக்ஸ் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எம்மா, எம் பொண்ணு கல்யாணத்துல எனக்கு ஒண்ணுமே கேக்காதுன்னு நெனச்சினு இருந்தேன். இது கேக்குதுமா. இது நல்லா கேக்குது" என்றார். காது மந்தமானவருக்கே அப்படி என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே பார்த்துக்கொள்.

ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை எடுக்கச் சொல்லிவிட்டேன். மீதி எதையும் கேட்கவில்லை. பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது, தட்டில் கீறல் இல்லை. மூலைகளில் மஞ்சள் மட்டும் போகமாட்டேன் என்கிறது. மன்னிப்பாயாடி? உன்னோடு சேர்ந்து பிரிக்க வேண்டியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்,
சங்கரி


பெரிய காஞ்சிபுரம்
4 ஜனவரி 2025

எஸ்தர்,

கிறிஸ்துமஸ் போய்விட்டது, புது வருஷமும் வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இப்போது கட்டைவிரல்கூட வருவதில்லை.

கோபம் என்றால் நாலு பக்கம் திட்டி எழுது. நீ திட்டினால் எனக்குப் பழக்கம், பேசாமல் இருந்தால்தான் பழக்கமில்லை. வீட்டுக்காரர், "ஒரு பொட்டிக்குப் போயி யாராவது பேசாம இருப்பாங்களா?" என்கிறார். அவருக்குத் தெரியாது. நீ வருவதற்கு என்று இருந்ததே அந்தப் பெட்டிகள்தான். ஒன்றைப் பிரித்துவிட்டதால் நீ வரவேமாட்டாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மற்றவற்றை அப்படியே வைத்திருக்கிறேன், வெள்ளைப் பேப்பரில் சுற்றி.

சங்கரி


லீட்ஸ்
19 ஜனவரி 2025

என் சங்கரிக்கு,

உன்மேல் கோபம் இருந்தது உண்மை. எண்ணி எண் போட்டுக் கொஞ்சமே வெளியிட்ட பெட்டியில் மஞ்சள் குங்குமமா என்று அன்று ராத்திரி சாப்பிடக்கூட இல்லை. காலையில் மறுபடி படித்தபோது அந்தக் கற்பூர ஆரத்தி இடத்தில் சிரித்துவிட்டேன், கோபம் போய்விட்டது. நான் எழுதாததற்குக் காரணம் பெட்டி இல்லை. தர்மன்.

சங்கரி, எனக்குக் காது கேட்பதில்லை. கொரோனா வார்டில் வேலை பார்த்த காலத்திலிருந்தே குறைந்துகொண்டு வந்தது. எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள், வாயசைவு தெரியாமல் போனபோதுதான், நான் அதுவரை உதட்டைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்கே புரிந்தது. மெஷின் பீப் அடித்தது கேட்காமல் ஒருநாள் நின்றேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மறுநாளே வார்டை விட்டு வந்துவிட்டேன். கால் வலி என்று உனக்கு எழுதியது பொய். இப்போது இரண்டு காதிலும் மெஷின். போனில் உன் குரல் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி வருகிறது. அந்தக் கடைக்காரப் பெண் என்ன கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உனக்கு ஏன் சொல்லவில்லை? நாம் பெட்டி பிரித்துத் தட்டைப் போட்டதும் நீ என் முழங்கையை இடித்து, "கேட்டியா, கேட்டியா" என்பாய். அப்போது நான் என்ன சொல்வேன்? உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொய்யாகத் தலையாட்ட என்னால் முடியாது. பெட்டி பிரியாமல் இருக்கிறவரை உள்ளே இருக்கிற பாட்டு உனக்கும் எனக்கும் ஒன்றுதானே? அதனால்தான் வாங்கி வாங்கி அனுப்பினேன், வராமல் இருந்தேன்.

அப்புறம் நீ தர்மனைப் பற்றி எழுதினாய். அந்த இடத்தை எத்தனை தடவை படித்தேனோ. காது டாக்டரிடம் போய்க் கேட்டேன். மேலே கிறீச்சிடுகிற சத்தங்கள்தான் எனக்குப் போய்விட்டனவாம், அடியில் உறுமுகிற சத்தம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து நம் கோல் பார்ஜின் பழைய தட்டு ஒன்றை எடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மரத் தரையில் நின்று, சத்தத்தை முழுக்க வைத்தேன். பாடுகிறவன் குரல் அரைகுறைதான், அது போனது போனதுதான். ஆனால் டிரம்ஸ் இறங்கியது சங்கரி! எனக்குக் கேட்டது! காலில் கேட்டதா, காதில் கேட்டதா தெரியாது, நான் தனியாக நின்று என் கையையே கிள்ளிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டியது தெரியவில்லை, கடைசியில் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். சத்தம் அதிகம் என்று புகார் சொல்ல வந்தவளைக் கட்டிப்பிடித்து டீ போட்டுக் கொடுத்தேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். மார்ச் எட்டாம் தேதி வருகிறேன். கத்தரிக்கோலைத் தயாராக வை.

அந்த மஞ்சளைத் துடைக்காதே. இனி அந்தப் பெட்டியை எவனும் விலைக்கு வாங்கமாட்டான். நாமும் விற்கப் போவதில்லை.

உன்,
எஸ்தர்


பெரிய காஞ்சிபுரம்
2 பிப்ரவரி 2025

அடி பைத்தியக்காரி,

கல்லாவில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்து ஓவென்று அழுதுவிட்டேன். புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பயந்துபோனார்கள். வீட்டுக்காரர் ஓடிவந்து, "யாரு போயிட்டாங்க?" என்றார். "யாரும் போவல, எஸ்தர் வரா" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? தனியாகச் சுமந்திருக்கிறாயே! நானும் நர்சிங் படித்தவள்தானே, என்னிடம் சொன்னால் குறைந்தா போய்விடுவாய்? போன் எடுக்கவில்லை என்று உன்னை எவ்வளவு திட்டினேன், அதை நினைத்து இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். சரி, வா. நேரில் நாலு சாத்துச் சாத்தினால்தான் எனக்கு ஆறும்.

முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசப் பழகுகிறேன். வீட்டுக்காரரை வைத்துத்தான் பழகுகிறேன். "இப்டி மூஞ்சிய பாத்து பேசாதம்மா, ஏதோ தப்பு பண்ண மாதிரி இருக்குது" என்கிறார். முழங்கையை இடிக்கமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யமாட்டேன். இடிப்பேன். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல். பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம், வாயசைத்துப் பாடிக் காட்டுகிறேன்.

தனசேகரனிடம் சொல்லிவிட்டேன். மாகறல் பாக்ஸ் இரண்டையும் கடைக்கே கொண்டு வருகிறான். புடவை விரிக்கிற மரமேடையில் மெத்தையை எடுத்துவிட்டால் பலகைதான். உனக்காகவே அடித்து வைத்த மாதிரி இருக்கிறது. தர்மன் செய்தி கேள்விப்பட்டு, "நானும் வரலாமாமா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டார். ஜெயப்ரியாவும் மாப்பிள்ளையும் அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். அந்த யானை பனியனை மறக்காமல் எடுத்து வா.

உன் வழி பார்த்திருக்கும்,
சங்கரி


கடை மாடி
9 மார்ச் 2025, ஞாயிறு காலை

எஸ்தர்,

காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு நன்றாகத் தூங்குகிறாய். ரெண்டு தடவை வந்து பார்த்துவிட்டேன். உலுக்கி எழுப்ப மனசு வரவில்லை, கத்தினாலும் பிரயோஜனமில்லை. அதனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

கீழே எல்லாம் தயார். மெத்தையை எடுத்தாயிற்று. பாக்ஸ் இரண்டும் உன் கட்டிலுக்கு நேர் கீழே மேடையில் நிற்கின்றன. தர்மன் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு இடியாப்பம் வாங்கப் போயிருக்கிறார். தெருவே திரும்பிப் பார்க்கிறது.

சட்டத்தை மீறவில்லை, கவலைப்படாதே. பிரிக்காத பெட்டிகள் பிரிக்காமலேதான் இருக்கின்றன. அவற்றுக்கான கத்தரிக்கோல் உன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரும்போது எடுத்துக்கொண்டு வா. இப்போது போடப் போவது மஞ்சள் பட்ட பெட்டியில் இருப்பது, மூன்றாவது தட்டு, முதல் பக்கம். அது ஏற்கெனவே ஊர் கூடி ஆசீர்வாதம் செய்த தட்டு.

கிதார் அழுது முடிகிறவரை உனக்கு ஒன்றும் தெரியாது, தூங்கு. அதற்கப்புறம் கட்டில் ஆடும். பயந்துவிடாதே, பூகம்பம் இல்லை. நான்தான் கூப்பிடுகிறேன், இறங்கி வாடி.

சங்கரி